போரில் வீழ்ந்த ராணுவ அதிகாரியைப் பற்றிய நினைவுக்குறிப்பை எழுதும் முறை

பள்ளி விழாவில் வாசிப்பதற்காகவோ ஊர்ப் பொது இடத்தில் கல்லில் பொறிப்பதற்காகவோ வீரமரணம் எய்திய அதிகாரி ஒருவரைப் பற்றி எழுதப் புகுமுன், விருதுக்கான பாராட்டுரையைத் தேடிப் படித்துவிடுங்கள். குடியரசுத் தலைவரின் செயலகம் அதனை இந்திய அரசிதழில் வெளியிடுகிறது; பாதுகாப்பு அமைச்சகத்தின் வீரதீர விருதுகளுக்கான இணையதளத்திலும் பார்க்கலாம். பெயரை ஆங்கிலத்தில் எழுதும் முறை ஆவணத்துக்கு ஆவணம் மாறுவதால், பணி எண்ணையும் படைப்பிரிவையும் ஒப்பிட்டு, அது அவருடையதுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, இலங்கையில் உயிர்நீத்து, பரம்வீர் சக்ரா விருதைப் பெற்ற மஹார் ரெஜிமென்ட்டின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனை எடுத்துக்கொள்வோம். 1987 நவம்பர் 25 அன்று பின்னிரவில் தேடுதல் பணி முடித்துத் திரும்பிய அவருடைய அணியைப் போராளிகள் பதுங்கியிருந்து தாக்கினர். நிதானம் இழக்காமல் அவர் பின்புறமாகச் சுற்றி வளைத்து, எதிர்பாராத நேரத்தில் அவர்கள்மீது பாய்ந்தார். கைகலப்பில் ஒருவர் சுட்ட குண்டு அவர் மார்பில் பாய்ந்தது. சுட்டவரின் துப்பாக்கியையே பறித்து அவரைச் சுட்டு வீழ்த்திய மேஜர், உயிர் பிரியும்வரை தம் வீரர்களுக்குக் கட்டளையிட்டுக்கொண்டே இருந்தார். ஐந்து போராளிகள் கொல்லப்பட்டனர். மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் லாஞ்சர்களும் கைப்பற்றப்பட்டன. பாராட்டுரை கூறுவது இவ்வளவுதான், இதுவே போதும். இந்த வரிசையைக் குலைக்காமல் எழுதுங்கள். அவர் சொன்னதாக ஒரு கடைசி வசனத்தைப் புனைந்து சேர்ப்பதும், வீழ்ந்தவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதும் அவருக்குச் செய்யும் அவமரியாதை. குண்டு பாய்ந்த நிலையிலும் அணியின் பொறுப்பைக் கைவிடாத அந்தச் சில நிமிடங்களுக்கே குறிப்பில் அதிக இடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விருதின் வகையிலும் கவனம் தேவை. எதிரியை நேருக்கு நேர் எதிர்கொண்டு காட்டிய வீரத்துக்குரியவை பரம்வீர், மகாவீர், வீர் சக்ராக்கள். மற்றச் சூழல்களில் காட்டிய வீரத்துக்குரியவை அசோக, கீர்த்தி, சௌர்ய சக்ராக்கள். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் வீரமரணமடைந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அளிக்கப்பட்டது அசோக சக்ரா. இதைப் பரம்வீர் சக்ரா என்று எழுதிவிட்டால் படிப்பவர்களுக்குக் குறிப்பு முழுவதன்மீதும் ஐயம் வந்துவிடும்.

பரமேஸ்வரனைப் பற்றித் தமிழில் எழுதுவோர் தயங்கும் இடம் ஒன்று உண்டு. அவர் எதிர்த்துப் போரிட்டவர்கள் தமிழர்கள். அதே ஆண்டு அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனையில் இந்திய அமைதிப்படையினர் சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் ஊழியர்களும் உயிரிழந்தனர். இதை மறைத்து எழுதும் குறிப்பை யாழ்ப்பாணத்தில் உறவினரைப் பறிகொடுத்த வாசகர் நம்ப மாட்டார். அந்தப் பழியை ஆதாரமின்றித் தனியொரு அதிகாரியின்மீது சுமத்துவதும் நியாயமாகாது. 1987 ஜூலையில் கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி அமைதிப்படை இலங்கைக்குச் சென்றதையும், அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் போர் மூண்டதையும், அதில் பொதுமக்கள் பட்ட துயரத்தையும் சில வாக்கியங்களில் நேர்மையாகச் சொல்லிவிட்டு, பிறகு அந்த இரவின் நிகழ்வுக்கு வாருங்கள்.

மற்ற விவரங்களுக்கு அவருடைய ரெஜிமென்ட்டின் தலைமையிடத்தை அணுகலாம். மஹார் ரெஜிமென்ட்டுக்கு அது மத்தியப் பிரதேசத்தின் சாகர் நகரில் உள்ளது. குடும்பத்தாரிடம் நேரடியாகப் போய் நிற்காமல், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக இசைவு கேட்பதே முறை. நினைவிடங்களையும் குறிப்பிடுங்கள்: பரமேஸ்வரன் பயிற்சி பெற்ற சென்னை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் அணிவகுப்புத் திடலுக்கே அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது, புதுதில்லி தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது.

கல்லில் பொறிப்பதாக இருந்தால், பெயர், பதவி, படைப்பிரிவு, விருது, நாள் ஆகியவற்றை அரசிதழோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, குடும்பத்தாரின் பார்வைக்கு அனுப்பி, அவர்கள் சம்மதம் தெரிவித்த பின்னரே சிற்பியிடம் கொடுக்க வேண்டும்.