ஊர் வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதுவது எப்படி? முதன்முறை நடத்துபவர்களுக்கு ஒரு செய்முறை

சனசமூக நிலையத்திலோ விளையாட்டுக் கழகத்திலோ பொது அறிவுப் போட்டி வைப்பதென்றால், ஒலிவாங்கியும் கதிரையும் ஒரு பின்னேரத்தில் ஒழுங்காகிவிடும். கேள்விதான் ஒழுங்காகாது. யாராவது பழைய கொப்பி ஒன்றிலிருந்து ஐம்பது கேள்வியைப் பார்த்தெழுதிக் கொடுப்பார். பன்னிரண்டாவது கேள்வியிலேயே சபையில் ஒருவர் எழும்பி, "அந்த விடை பிழை" என்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். பிறகு அந்தப் போட்டியை யாராலும் தூக்கி நிறுத்த முடியாது.

திருகோணமலையில் இருந்துகொண்டு சொல், வரலாறு, இயற்கை, சினிமா ஆகிய நான்கிலும் பிசகில்லாத கேள்வி கட்டும் முறை இது.

படி 1: நேரத்தையும் எண்ணிக்கையையும் முடிவு செய்யுங்கள்

ஆறு அணி, அணிக்கு 4 பேர். நான்கு சுற்று, சுற்றுக்கு 10 கேள்வி. மேடைக்குப் போவது 40 கேள்வி என்றால் எழுத வேண்டியது 60. மிச்சம் இருபதில் ஒரு பகுதி சோதனையில் கழிந்துவிடும், மற்றதை ஒதுக்கி வையுங்கள்.

கேள்வியை இரண்டு தரம் வாசிக்க அரை நிமிடம், எழுத அரை நிமிடம். பத்துக் கேள்விக்கு 10 நிமிடம், தாள் சேர்த்துத் திருத்த 5 நிமிடம். நான்கு சுற்றும் ஒரு மணித்தியாலத்தில் முடியும்.

எல்லா அணியும் தாளில் விடை எழுதும் முறையையே எடுங்கள். ஒவ்வொரு அணியாகக் கேட்டு, தெரியாவிட்டால் அடுத்த அணிக்கு "பாஸ்" கொடுக்கும் முறை பார்க்கக் கலகலப்பாக இருக்கும், ஆனால் நியாயமில்லை. பலவீனமான அணிக்கு அடுத்த கதிரையில் இருக்கும் அணிக்குச் சும்மா கூடுதல் வாய்ப்புக் கிடைக்கும். தோற்ற அணி அதை மறக்காது.

படி 2: விடையிலிருந்து தொடங்குங்கள்

புதிதாக எழுதுபவர்கள் கேள்வியை யோசித்துவிட்டு விடை தேடுவார்கள். மாற்றிச் செய்யுங்கள். முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருளையோ பெயரையோ விடையாக வைத்துக்கொண்டு, அதற்குள் ஒளிந்திருக்கும் தெரியாத செய்தியைத் தேடுங்கள். கேட்டவர் "ஐயோ, இது எனக்குத் தெரியுமே!" என்று தலையில் கைவைக்க வேண்டும்.

உட்கார்ந்திருக்கும் கதிரையையே எடுங்கள். தமிழ்நாட்டில் அது நாற்காலி. நாங்கள் சொல்லும் "கதிரை", போர்த்துக்கேயரின் "கதெய்ரா" என்ற சொல். சப்பாத்து, பாண், அலுமாரி, லேஞ்சி, வாங்கு ஆகியனவும் அவர்கள் விட்டுப்போனவைதான். "கந்தோர்" மட்டும் ஒல்லாந்தர் தந்தது. இனிக் கேள்வி தானாக வரும்:

*கதிரை, சப்பாத்து, கந்தோர், அலுமாரி. இந்த நான்கில் ஒன்று மட்டும் வேறு மொழியிலிருந்து வந்தது. எது, எந்த மொழி?*

மனப்பாடம் பண்ணியவருக்கு மட்டுமான கேள்வியல்ல இது. கந்தோர் என்றால் அலுவலகம். அலுவலகம் வைத்துக் கணக்கெழுதி ஆண்டவர்கள் யார் என்று நாலு பேர் கூடி யோசித்தால் விடைக்குக் கிட்டப் போகலாம். யோசித்து வரக்கூடிய பாதை ஒன்று இருக்கிறதா என்று ஒவ்வொரு கேள்வியையும் பாருங்கள். பாதை இல்லாத கேள்வி வெறும் பரீட்சை.

படி 3: வேறு விடைக்கு இடமிருக்கிறதா என்று நோண்டுங்கள்

எங்கள் ஊர்ப் போட்டிகளில் தவறாமல் வரும் கேள்வி: "திருகோணமலைத் துறைமுகம் உலகின் எத்தனையாவது பெரிய இயற்கைத் துறைமுகம்?" இதை எழுதவே வேண்டாம். ஒரு புத்தகம் இரண்டாவது என்னும், இன்னொன்று நான்காவது, ஐந்தாவது என்னும். ஆழத்தைப் பார்ப்பதா பரப்பைப் பார்ப்பதா என்று அளவுகோலே மாறுகிறது.

"உலகிலேயே பெரிய", "முதன்முதலில்", "மிகப் பழைய" என்று வரும் எல்லாக் கேள்வியிலும் இந்தப் பள்ளம் உண்டு. எம்.ஜி.ஆர். பிறந்த ஊர் எது என்று கேட்டால் ஒருவர் கண்டி என்று எழுதுவார், மற்றவர் நாவலப்பிட்டி என்பார். பிறந்த நாடு எது என்று கேளுங்கள், சண்டை இல்லை.

சொற்பிறப்பில் இன்னும் கவனம் வேண்டும். அனகொண்டா என்ற பெயர் தமிழ் "ஆனைகொன்றான்" என்பதிலிருந்து வந்ததா, சிங்களச் சொல்லிலிருந்து வந்ததா என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி. அதனால் செய்தியை வீசிவிட வேண்டியதில்லை, கேள்வியைத் திருப்பிப் போட்டால் போதும்:

*தென் அமெரிக்காவில் வாழ்கிறது, இலங்கைக் காட்டில் இல்லை. ஆனால் இதன் பெயர் இலங்கையிலிருந்தே ஐரோப்பாவுக்குப் போனது. எந்தப் பாம்பு?*

பெயரின் மூலத்தை யார் எப்படி விவாதித்தாலும் விடை அனகொண்டா ஒன்றுதான்.

படி 4: இரண்டு இடத்தில் சரிபாருங்கள்

ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய இரண்டு இணையப் பக்கங்கள் இரண்டு சான்றாகா. ஒரு அச்சுப் புத்தகம் அல்லது கலைக்களஞ்சியம், இன்னொரு தனி மூலம் என்று வையுங்கள்.

வரலாற்றுச் சுற்றில் அதிகம் பிழைக்கும் இடம் 1942. ஜப்பானிய விமானங்கள் உயிர்த்த ஞாயிறன்று தாக்கியது கொழும்பை, அது ஏப்ரல் 5. திருகோணமலைக்கு வந்தது ஏப்ரல் 9, வியாழக்கிழமை. அதே நாளில் மூழ்கிய ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் எங்கள் துறைமுகத்துக்குள் மூழ்கவில்லை. தாக்குதல் வருகிறதென்று முதல்நாளே வெளிக்கிட்டுப் போய், மட்டக்களப்புக் கடலில் அகப்பட்டது. இந்த மூன்றையும் குழப்பி எழுதிய குறிப்புகள் ஏராளம்.

திருகோணமலைக் கோட்டை யார் யார் கையில் இருந்தது என்று கேட்பதானால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் என்ற வரிசையை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். *1782 இல் கொஞ்சக் காலம் திருகோணமலையைப் பிடித்து வைத்திருந்த நான்காவது ஐரோப்பிய நாடு எது?* என்று கேட்டுப் பாருங்கள். பிரான்ஸ் என்று எழுதும் அணிக்கு இரண்டு புள்ளி கூடக் கொடுக்கலாம்.

படி 5: தமிழில் யோசித்து எழுதுங்கள்

ஆங்கிலக் கேள்வியை மொழிபெயர்த்தால் பாதி இடத்தில் உடையும். மானுக்கும் மாட்டுக்கும் தலையில் இருப்பதை ஆங்கிலம் இரண்டு சொல்லால் பிரிக்கிறது. தமிழில் இரண்டும் கொம்புதான். ஆனால் அந்த ஒரே சொல்லே நல்ல கேள்வியாகிறது. கோட்டைக்குள்ளும் கடற்கரைப் பக்கமும் திரியும் புள்ளிமான்களை நம் பிள்ளைகள் நாள்தோறும் காண்கிறார்கள்:

*மான் கொம்புக்கும் மாட்டுக் கொம்புக்கும் உள்ள பெரிய வேறுபாடு என்ன?*

விடை: மான் கொம்பு முழுக்க எலும்பு, விழுந்து திரும்ப முளைக்கும். மாட்டுக் கொம்பு உள்ளே எலும்பும் வெளியே நகம் போன்ற உறையுமாக ஆயுள் முழுக்க இருக்கும். "விழுந்து முளைக்கும்" என்று மட்டும் எழுதினாலும் புள்ளி உண்டு என்று திருத்துபவரின் தாளில் முன்கூட்டியே குறித்துவிடுங்கள்.

இன்னொரு சறுக்கல்: "உலகின் மிகப் பெரிய மீன் எது?" என்பதற்கு நீலத் திமிங்கிலம் என்று விடை வைப்பது. எங்கள் கடலுக்கு வரும் அந்த விலங்கு பாலூட்டி. மிகப் பெரிய மீன் திமிங்கிலச் சுறா.

படி 6: ஒரு கேள்வியையாவது படிக்கட்டாகக் கட்டுங்கள்

ஒரே விடைக்கு மூன்று துப்பு. முதல் துப்பிலேயே எழுதிக் கொடுத்தால் 15 புள்ளி, இரண்டாவதில் 10, மூன்றாவதில் 5. ஒரு அணிக்கு ஒரு விடைதான், மாற்ற முடியாது. கடினத்திலிருந்து இலகுவுக்கு இறங்க வேண்டும்:

*1. இங்கிலாந்தில் பிறந்து இலங்கையில் குடியேறியவர், சுழியோடி. 2. 1956 இல் கோணேசர் கோயில் பாறைக்குக் கீழே, கடலுக்குள் பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டவர்களில் ஒருவர். 3. 1968 இல் வெளியான ஒரு புகழ்பெற்ற விண்வெளிப் படத்துக்கு இயக்குநர் குப்ரிக்குடன் சேர்ந்து திரைக்கதை எழுதியவர்.*

விடை ஆதர் சி. கிளார்க். வரலாறு, கடல், சினிமா மூன்றும் ஒரே கேள்வியில் சந்திக்கின்றன. கூட்டத்தில் கடலோடிக்கும் இடமுண்டு, படம் பார்ப்பவருக்கும் இடமுண்டு. நாலு பேர் அணி வைப்பதே இதற்குத்தான்.

சினிமாச் சுற்றில் நடிகர் பெயர்களை அடுக்காதீர்கள். வயதுக்கு வயது நினைவு வேறு. *1947 இல் வெளிவந்த முதலாவது சிங்களப் பேசும் படம் படமாக்கப்பட்டது எந்தத் தமிழ்நாட்டு நகரில்?* மதுரையில். இப்படிக் கேட்டால் எந்த வயதுக்காரரும் ஊகிக்கலாம்.

படி 7: ஒத்திகை

போட்டியில் சேராத மூன்று பேரை இருத்தி 60 கேள்வியையும் கேளுங்கள். மூவரும் உடனே சொன்னது, மூவருக்கும் விடை கேட்ட பிறகும் "ஓகோ" என்று வராதது, இரண்டையும் வெட்டுங்கள். ஒருவர் "எதைக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டால் அவர் மேல் பிழையில்லை, வசனத்தைத் திருத்துங்கள். வாசித்துக் காட்டாமல் கண்ணால் மட்டும் பார்த்தால் நீளமான வசனங்கள் அகப்படா.

ஒவ்வொரு சுற்றிலும் முதல் இரண்டு கேள்வி இலகுவாக இருக்கட்டும். கன்னியாவில் எத்தனை வெந்நீர்க் கிணறுகள் என்று தொடங்கினால் "ஏழு" என்று எல்லா அணியும் எழுதும், கைநடுக்கமும் போகும்.

படி 8: சமநிலை உடைக்க

முதலிடத்துக்கு இரண்டு அணி நின்றால் எண்ணால் விடை வரும் ஒரு கேள்வி கைவசம் வேண்டும். மகாவலி கங்கையின் நீளம் எத்தனை கிலோமீற்றர்? 335. கிட்ட எழுதிய அணி வெல்லும். ஒன்று 325, மற்றது 345 என்று எழுதினால் மறுபடியும் சமன்தான், ஆகவே இரண்டாவதும் ஆயத்தமாக இருக்கட்டும்: பிதுருதலாகலை மலையின் உயரம், 2,524 மீற்றர்.

எழுத்துப் பிழைக்குப் புள்ளி வெட்டுவதில்லை, ஆட்சேபணையை அந்தச் சுற்று முடியுமுன் அணித்தலைவர் மட்டும் நடுவரிடம் சொல்லலாம் என்ற இரண்டு விதியையும் தொடக்கத்திலேயே ஒலிவாங்கியில் வாசித்துவிடுங்கள். ஆட்சேபணை சரியென்று தெரிந்தால் அந்தக் கேள்வியை எல்லா அணிக்கும் நீக்கி, ஒதுக்கி வைத்த கேள்விகளிலிருந்து ஒன்றைக் கேளுங்கள்.