ஆங்கிலப் பெயர்ச்சொற்கள்: வகையைக் கேட்கும் முன் எண்ணிப் பாருங்கள்

நவுன் என்றதும் ப்ராப்பர், காமன், கலெக்டிவ், மெட்டீரியல், அப்ஸ்ட்ராக்ட் என ஐந்து வகையையும் ஒப்பிக்கப் பள்ளியிலேயே பழகிவிடுகிறோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் எழுதும்போது முன்னால் 'எ' வருமா, கடைசியில் 'எஸ்' சேருமா, 'இஸ்' போடுவதா 'ஆர்' போடுவதா என்ற சந்தேகங்களை அந்தப் பட்டியல் தீர்ப்பதில்லை. அவற்றைத் தீர்ப்பது வேறொரு பிரிவு: கவுண்டபிள் (எண்ணக்கூடியது), அன்கவுண்டபிள் (எண்ண முடியாதது). முதலில் இதைப் பாருங்கள்.

சொல்லுக்கு முன்னால் 'டூ' வைத்துப் பாருங்கள். 'டூ சேர்ஸ்' சரி, எனவே சேர் கவுண்டபிள். 'டூ ஃபர்னிச்சர்ஸ்' என்று ஆங்கிலத்தில் கிடையாது, அது அன்கவுண்டபிள். அன்கவுண்டபிள் சொல்லுக்கு 'எ' வராது, 'எஸ்' சேராது, 'மெனி' வராது. 'மச்', 'சம்' வரும், வினை ஒருமையில் இருக்கும். எண்ணியே ஆகவேண்டுமென்றால் 'டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்'.

இந்தச் சோதனை நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. தமிழில் தகவல்கள், அறிவுரைகள், கருவிகள் என்று சொல்வதால் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' எல்லாம் காதுக்குச் சரியாகவே படும். மூன்றும் தவறு. லக்கேஜ், ஹோம்வொர்க், ட்ராஃபிக், சீனரி ஆகியவற்றையும் இதே பட்டியலில் சேர்த்து மனப்பாடம் செய்வதுதான் வழி. நியூஸ் என்பதன் கடைசியில் 'எஸ்' இருந்தாலும் அது ஒருமை: 'தி நியூஸ் இஸ் குட்'.

எதிர்ப்பக்கத் தவறும் தமிழிலிருந்தே வருகிறது. 'பத்து புத்தகம் வாங்கினேன்' என்று நாம் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'டென் புக்' என்று விட முடியாது. அதேபோல் 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' அல்ல, 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ்...'. நண்பர்கள் பலர், வினை மட்டும் அந்த ஒருவருக்கு.

பல சொற்கள் பொருளுக்கேற்ப இரண்டு பக்கமும் போகும். கிளாஸ் என்றால் கண்ணாடி, 'எ கிளாஸ்' என்றால் டம்ளர். அயர்ன் இரும்பு, 'ஆன் அயர்ன்' இஸ்திரிப் பெட்டி. 'ஷி ஹாஸ் லாங் ஹேர்' என்பதில் 'எ' இல்லை; சாம்பாரில் ஒரே ஒரு முடி கிடந்தால் அது 'எ ஹேர்'. வேலை விண்ணப்பங்களில் அதிகம் இடறுவது எக்ஸ்பீரியன்ஸ்: பணி அனுபவம் என்றால் 'ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்', முன்னால் 'எ' வேண்டாம், நடந்த ஒரு சம்பவம் என்றால் 'எ பேட் எக்ஸ்பீரியன்ஸ்'. ஆங்கிலம் கற்போருக்கான நல்ல அகராதிகளில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்திலேயே 'சி' (கவுண்டபிள்) அல்லது 'யு' (அன்கவுண்டபிள்) என்ற குறி இருக்கும். அதையும் சேர்த்துப் படியுங்கள்.

இனி அந்த ஐந்து வகை. மெட்டீரியல் நவுன் பெரும்பாலும் அன்கவுண்டபிள், அவ்வளவுதான். அப்ஸ்ட்ராக்ட் நவுன் எல்லாமே அப்படி என்று நினைப்பது தவறு: ஹானஸ்டி எண்ண முடியாதது, ஐடியாவும் ப்ராப்ளமும் எண்ணக்கூடியவை. தொட முடியுமா என்பதற்கும் எண்ண முடியுமா என்பதற்கும் தொடர்பில்லை.

கலெக்டிவ் நவுனில் கொஞ்சம் கவனம் தேவை. 'தி டீம் இஸ்' என்பது அமெரிக்க வழக்கு; பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் உறுப்பினர்களை மனதில் வைத்து 'தி டீம் ஆர்' என்றும் சொல்வார்கள். எதைப் பிடித்தாலும் ஒரே கட்டுரையில் மாற்றாதீர்கள். 'போலீஸ்', 'கேட்டில்' (மாடுகள்) இரண்டுக்கும் எப்போதும் 'ஆர்'. ஓர் அலுவலக ஊழியர்களை 'ஸ்டாஃப்ஸ்' என்று எழுதாமல் 'ஸ்டாஃப் மெம்பர்ஸ்' என்று எழுதுங்கள்.

ப்ராப்பர் நவுனுக்கு முதல் எழுத்து பெரியது. கிழமை, மாதம், மொழிப் பெயர்களுக்கும் அப்படியே. சம்மர், வின்டர் போன்ற பருவங்களுக்கு வேண்டாம். 'தி' ஆறுகளுக்கும் மலைத்தொடர்களுக்கும் வரும்: தி காவேரி, தி ஹிமாலயாஸ். எவரெஸ்ட் போன்ற தனிச் சிகரத்துக்கு வராது. நாடுகளுக்கும் பொதுவாக வராது; தி நெதர்லாண்ட்ஸ், தி யுனைடெட் ஸ்டேட்ஸ் போன்றவை விலக்கு.