தேம்ஸ் கழிமுகத்தில் ஓடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனுக்குக் கிழக்கே, பென்ஃப்ளீட் ரயில் நிலையத்திலிருந்து லீ-ஆன்-சீ நிலையம் வரை தேம்ஸ் கழிமுகத்தின் கரைமேட்டில் ஓடியே போய்விடலாம். ஆறேழு கிலோமீட்டர் தூரம், ஏற்ற இறக்கம் இல்லாத பாதை. ஈஸ்ட் ஹாம், இல்ஃபர்டு பக்கம் இருக்கும் நம்மவர்கள் வெஸ்ட் ஹாமில் சி-டூ-சி ரயில் பிடித்தால் காலை உணவுக்கு முன் ஓடி முடித்துத் திரும்பலாம். பென்ஃப்ளீட்டில் தென்புறமாக வெளியே வந்து, கேன்வி தீவுக்குப் போகும் பாலத்தைத் தாண்டாமல், ஓடையை வலக்கைப் பக்கம் வைத்துக் கிழக்கே திரும்ப வேண்டும். வழி தவறுவது கடினம். ஆனாலும் இங்கே ஓட வருகிறவர்கள் சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அதன் விலையைப் பெரும்பாலும் பறவைகள் கொடுக்கின்றன, சில நேரம் ஓடுகிறவரே கொடுக்கிறார்.

ஏற்ற வற்றம் பார்க்காமல் கிளம்புவது

பூங்காவில் ஓடுவதற்குக் கைக்கடிகாரம் போதும். இங்கே முதலில் பார்க்க வேண்டியது பக்கத்துக் கடலோர ஊரான சவுத்எண்டுக்கான ஏற்ற வற்ற அட்டவணை (கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்கள்). முழுநிலவு, அமாவாசையை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் ஐந்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் இருக்கிறது. அதனால் நேற்றைய நேரம் இன்றைக்குப் பொருந்தாது. நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். போன ஞாயிறு ஏழு மணிக்குச் சேறு தெரிந்தது என்று நம்பி இந்த ஞாயிறும் ஏழு மணிக்கு வந்தால் கரைமுட்ட நீர் நிற்கும்.

அட்டவணை கையில் இல்லாத நேரத்திலும் நிலா ஓரளவு வழிகாட்டும். அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாட்களில் இங்கே உச்ச ஏற்றம் நண்பகலைத் தாண்டிய சிறிது நேரத்தில் வரும். காலை ஏழு மணி வாக்கில் நீர் வற்றிக் கிடக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இது தலைகீழ்: காலை ஏழு மணி வாக்கிலேயே நீர் ஏறியிருக்கும். இது தோராயக் கணக்குதான், அட்டவணைக்கு மாற்றாகாது.

அட்டவணை பார்க்கிறவர்களும் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். அச்சிட்ட அட்டவணைகள் பல கிரீன்விச் நேரத்தில் இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அதோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். சில செயலிகள் தாமே கூட்டிக் காட்டும், சில காட்டாது. எது எப்படி என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

நீர் நிறைந்த நேரம்தான் அழகு என்று அதையே தேர்ந்தெடுப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். நல்ல எண்ணத்தோடு வருகிறவர்களே இதைச் செய்கிறார்கள்.

நீர் வற்றியிருக்கும்போது சேற்றுவெளி பல நூறு மீட்டர் விரிந்து கிடக்கும். பறவைகள் அதில் சிதறி மேயும். கரைமேட்டில் நீங்கள் ஓடுவது அவற்றுக்குத் தொலைவில் நடக்கும் சமாச்சாரம். நீர் ஏற ஏற மேய்ச்சல் நிலம் சுருங்கும். உச்ச ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம், அத்தனை பறவைகளும் கரையை ஒட்டிய உவர்ச் சதுப்பின் கீற்றுகளில் நெருக்கியடித்து நின்று ஓய்வெடுக்கும். நீங்கள் ஓடும் பாதை அங்கிருந்து சில பத்து மீட்டர்தான். அப்போது கிளப்பிவிட்டால் போய் இறங்க வேறு இடம் கிடையாது. நீர் இறங்கும்வரை வட்டமடித்துக்கொண்டே இருக்கும்.

அக்டோபர் முதல் மார்ச் வரை இது இன்னும் முக்கியம். சைபீரியாவின் தைமிர் பகுதியில் குஞ்சு பொரித்த கருவயிற்றுப் பிரெண்ட் வாத்துகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து குளிர்காலத்துக்கு இங்கே வருகின்றன. லீ கரையோரச் சேற்றில் வளரும் கடற்புல்லை மேய்ந்துதான் இழந்த எடையை மீட்கின்றன. மேய்ச்சலுக்குக் கிடைப்பது குறுகிய பகல், அதிலும் நீர் வற்றிய நேரம் மட்டும். ஒவ்வொரு முறை கிளம்பிப் பறக்கும்போதும் தின்ற நேரம் வீண், சேர்த்த கொழுப்பும் செலவு. ஒரு ஓட்டக்காரரால் பெரிய நஷ்டமில்லை. ஒரு காலையில் பத்துப் பேர் தனித்தனியே வந்தால் பத்து முறை.

பறவைகள் முன்கூட்டியே சொல்லும். மேய்ந்துகொண்டிருந்தவை தலையைத் தூக்கும், ஒன்றையொன்று நெருங்கும், மெல்ல விலகி நடக்கத் தொடங்கும். அந்தக் கட்டத்திலேயே ஓட்டத்தை நடையாக்குங்கள். முதலில் கத்திக்கொண்டு கிளம்புவது பெரும்பாலும் பவளக்காலியாக இருக்கும் (நம் கோடியக்கரைக்கும் வருகிற அதே பறவை). அது கிளம்பினால் மற்றவையும் பின்னாலேயே எழும். கரைமேட்டின் உச்சியில் ஓடும்போது உங்கள் உருவம் வானத்தில் வெட்டி வைத்ததுபோல் தெரியும். நிலப்பக்கச் சரிவின் அடியில் பாதை இருக்கும் பகுதிகளில் கீழே இறங்கி ஓடுங்கள். நாய் கூட வந்தால் கயிற்றில் இருக்கட்டும்.

ஓட முடிகிற நேரமும் ஏற்றமும் மோதினால் அன்றைக்கு ஹாட்லி மேட்டுக்குப் போய்விடலாம். 2012 ஒலிம்பிக்கின் மலைச்சைக்கிள் போட்டி நடந்த சரிவுகள் அவை, கால்களுக்கு நல்ல வேலை கிடைக்கும். சைக்கிளுக்கென்று அமைத்த தடங்களில் மட்டும் ஓடாதீர்கள். கீழே கரைமேட்டிலிருந்து பார்த்தால் ஹாட்லி கோட்டை பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். ஆனால் நடுவில் வாய்க்கால்களும் ரயில் பாதையும் உண்டு. குறுக்கே வெட்டிப் போகாமல் அடையாளமிட்ட வழியில் மட்டும் போங்கள்.

சேற்றில் கால் வைப்பது

மேலே லேசாகக் காய்ந்த சேறு கெட்டித் தரைபோல் தெரியும். இரண்டடி உள்ளே போனதும் முழங்கால் வரை இறங்கும். காலை இழுத்தால் அடியில் வெற்றிடம் உண்டாகி இன்னும் இறுக்கிப் பிடிக்கும். நீர் திரும்பும்போது கடலிலிருந்து நேரே அலையாக வரும் என்று நினைக்கிறார்கள். அது முதலில் சேற்றில் நெளியும் ஓடைகள் வழியே ஏறும். உங்களுக்கும் கரைக்கும் நடுவே நீர் வந்த பிறகுதான் கண்ணில் படும்.

சிக்கிவிட்டால் திமிறாதீர்கள். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து உடல் எடையைப் பரப்பி, ஒரு காலை மெல்ல ஆட்டி ஆட்டி விடுவியுங்கள். கூடவே 999-ஐ அழைத்துக் கடலோரக் காவற்படை வேண்டும் என்று கேளுங்கள். கூட வந்தவர் கரையிலேயே நிற்கட்டும். இழுக்கப் போனால் அவரும் மாட்டுவார்.

உவர்ச் சதுப்பும் அப்படித்தான், குறுக்கு வழிக்கு உதவாது. உமரிச் செடிகள் மிதிபட்டால் அந்தத் தடம் வெகுநாள் ஆறாமல் கிடக்கும், அதைப் பார்த்து அடுத்தவரும் அதே வழியில் இறங்குவார்.

டூ ட்ரீ தீவை முழு வட்டமாகச் சுற்ற நினைப்பது

லீ நிலையத்துக்கு அருகே பாலம் தாண்டினால் டூ ட்ரீ தீவு. அதன் கிழக்குப் பாதி தேசிய இயற்கைக் காப்பகம். வரைபடத்தில் தீவைப் பார்த்ததும் கரையோரமாக ஒரு சுற்று வரலாம் என்று தோன்றும். கிழக்கு முனை சதுப்பாகவே முடிகிறது, பாதை நிற்கும் இடத்தில் நீங்களும் திரும்ப வேண்டும். மேற்கே உள்ள காயலில் கோணமூக்கு உள்ளான் முட்டையிடும். ஏப்ரல் முதல் ஜூலை வரை அங்கே வேகத்தையும் பேச்சையும் குறையுங்கள். இந்தத் தீவு 1970-கள் வரை குப்பைக் கிடங்காக இருந்தது. அரித்த கரையோரங்களில் பழைய கண்ணாடித் துண்டு, பீங்கான் ஓடு எல்லாம் வெளியே வரும். வெறுங்காலோட்டப் பிரியர்களுக்கு ஏற்ற இடமல்ல.

தட்டையான பாதைதானே என்று தார்ச்சாலைக் காலணியில் வருவது

கரைமேடு களிமண். நவம்பர் மழைக்குப் பின் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். நான்கைந்து மில்லிமீட்டர் பல் உள்ள அடிப்பாகம் வேண்டும். ஆகஸ்டில் அதே களிமண் வெடிக்கும். புல்லுக்கடியில் முன்பாதம் நுழையும் அளவுக்கு விரிசல் இருக்கும், கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் அப்போதுதான். புல் உயரமான இடங்களில் வேகம் வேண்டாம்.

காற்றையும் கணக்கில் சேருங்கள். இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று, மறைப்பு எதுவும் கிடையாது. லீயில் தொடங்கினால் அது முகத்தில் அறையும். பென்ஃப்ளீட்டில் தொடங்கினால் முதுகைத் தள்ளும். கரைமேட்டில் குடிநீர்க் குழாய் இல்லை, அரை லிட்டர் கையில் இருக்கட்டும். டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். தலைவிளக்கு வைத்து இரவில் ஓடுவதைத் தவிர்ப்பதே நல்லது, பிரெண்ட் வாத்துகளுக்கு அது ஓய்வு நேரம்.

மாடுகள் மேயும் பகுதியில் நடந்தே கடந்து போங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே புகாதீர்கள், கதவுகளைச் சாத்திவிட்டுப் போங்கள். மார்ச், ஏப்ரல் வெயிலில் ஆடர் என்னும் விரியன் இனப் பாம்பு பாதையோரம் காயும். மிதிக்காதவரை ஒன்றும் செய்யாது. கடித்தால் அசையாமல் உட்கார்ந்து, மோதிரம், கடிகாரம் போன்றவற்றைக் கழற்றி 999-ஐ அழையுங்கள். கட்டுப் போட்டு இறுக்குவதோ வாயால் உறிஞ்சுவதோ கூடாது. புல்லில் உண்ணிகளும் இருக்கும்: வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காலுறை விளிம்பு மூன்றையும் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மேலே இழுங்கள்.