உப்புக் காற்றடிக்கும் ஊரில் கம்ப்யூட்டர் கூலர்: வாங்கும்போது நடக்கும் தவறுகள்

ப்ராசசரை மாற்றுபவர்கள் பணத்தையெல்லாம் ப்ராசசரிலேயே போட்டுவிட்டு, மிச்சம் இருப்பதற்கு அதன் சூட்டை ஆற்றும் ஒரு கூலரைத் தேடுவார்கள். தேடும்போதும் யூடியூபில் யாரோ ஏசி அறையில் உட்கார்ந்து அளந்த வெப்பநிலையைத்தான் நம்புவார்கள். ராமேஸ்வரத்திலோ தொண்டியிலோ கீழக்கரையிலோ அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

ஏர் கூலர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே ப்ராசசரைக் கொண்டுபோக முடியாது. அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதுதான் கூலரின் தரம். 22 டிகிரி அறையில் 80 டிகிரி காட்டிய கூலர், மே மாத மதியத்தில் 36 டிகிரி இருக்கும் ஓட்டு வீட்டு அறையில் ஏறக்குறைய 94 காட்டும். ஏஎம்டியின் ரைசன் 5800எக்ஸ் ப்ராசசரின் வெப்ப எல்லை 90 டிகிரி. ஆகவே அது அந்த அளவுக்குப் போகாது, எல்லையைத் தொட்டதும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் வெயில் நேரத்தில் கைக்கு வராது. எந்த ரிவ்யூவைப் பார்த்தாலும் முதலில் அறை வெப்பநிலையைத் தேடுங்கள், உங்கள் அறைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அறை வெப்பத்தைச் சொல்லாத ரிவ்யூ இந்தக் கணக்குக்கு உதவாது.

அடுத்த தவறு, பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்புவது. இன்டெலின் ஐ5-12400 ப்ராசசர் பெட்டியில் 65 வாட் என்றிருக்கும். டர்போவில், அதாவது முழு வேகத்தில், அது 117 வாட் வரை இழுக்கும். 5800எக்ஸுக்கு எழுதியிருப்பது 105, உண்மையான மேல் எல்லை 142. அதோடு 5800எக்ஸ் பெட்டியில் கூலரே வராது. பழைய ரைசன் 2600-உடன் வந்த சிறிய ரெய்த் ஸ்டெல்த் கூலரை எடுத்து அதன் மேல் மாட்டினால் ஃபேன் கத்திக்கொண்டே இருக்கும், வேலை நடக்காது. 65 வாட் ரகங்களுக்கு நான்கு ஹீட் பைப்பும் (சூட்டை மேலே கடத்தும் செம்புக் குழாய்) ஒரு 120 மி.மீ. ஃபேனும் உள்ள ஒற்றை டவர் (நிமிர்ந்து நிற்கும் தகட்டு அடுக்கு) தாராளம். 142 வாட் ரகத்துக்கு இந்தக் கரையில் ஆறு ஹீட் பைப் இரட்டை டவர் வாங்குவதே நல்லது. குளிர் ஊர்க்காரர்கள் அதை ஆடம்பரம் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சாக்கெட் போர்டு என்றால் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங் திரையில்) மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடு போட்டு 88 வாட்டில் நிறுத்திப் பார்க்கலாம். அன்றாட வேலையில் பெரிதாக வித்தியாசம் தெரியாது, சூடு நன்றாகவே இறங்கும்.

பொருந்துமா என்பதைப் பார்க்காமல் ஆர்டர் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. இன்டெலின் எல்ஜிஏ 1200 சாக்கெட் போர்டில் கூலர் மாட்டும் துளைகளின் இடைவெளி 75 மி.மீ.; எல்ஜிஏ 1700-இலும் 1851-இலும் 78 மி.மீ. மூன்று மி.மீ. தானே என்று புஷ் பின்னை (கூலரைப் போர்டில் அழுத்தி மாட்டும் பிளாஸ்டிக் முள்) சாய்த்து அழுத்தினால் பின் உடையும், இல்லையென்றால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும். ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட்டுக்கான கூலர் ஏஎம்5-க்குச் சேரும் என்பது பாதி உண்மைதான். துளைகள் ஒன்றே, ஆனால் ஏஎம்5 போர்டின் பின்பக்கத் தகட்டைக் கழற்ற முடியாது. தன் சொந்தப் பின்தகட்டைக் கேட்கும் கூலர் அதில் உட்காராது. ஏஎம்4 போர்டில் கொக்கி மாட்டும் ரகம் வாங்கினால், போர்டுடன் வந்த கறுப்பு பிளாஸ்டிக் பிடிகள் இரண்டும் வேண்டும். ரெய்த் ஸ்டெல்த் மாட்டும்போது அவற்றைக் கழற்றி எங்கோ போட்டிருப்பீர்கள். ஆர்டர் போடுமுன் தேடி எடுத்து வையுங்கள்.

உயரத்தையும் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். ப்ராசசரின் மேற்பரப்பிலிருந்து பக்கக் கதவின் உட்பக்கம் வரை அளந்து, அதில் 5 மி.மீ. கழித்துவிடுங்கள். டீப்கூல் ஏகே400-இன் உயரம் 155 மி.மீ., ஏகே620 160, நாக்சுவா என்எச்-டி15 165. பழைய ஒல்லி கேபினெட்டில் இவை எதுவும் நுழையாது. இரட்டை டவர் என்றால் முன் ஃபேன் ரேம் மேல் வந்து நிற்கும். உயரமான தகடு போட்ட ரேம் இருந்தால் ஃபேனை மேலே ஏற்றி மாட்ட வேண்டியிருக்கும், அதனால் மொத்த உயரமும் கூடும்.

விலை குறைந்த போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ப்ராசசர் பெட்டியுடன் வரும் ஸ்டாக் கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதுவதால் ப்ராசசரைச் சுற்றியுள்ள மின்சுற்றுப் பகுதியும் சேர்ந்து ஆறும். டவர் கூலர் காற்றைப் பக்கவாட்டில் தள்ளுவதால் அந்தப் பகுதிக்கு வீச்சு குறையும். அங்கே ஹீட்சிங்க் இல்லாத போர்டில் அதிக வாட் ப்ராசசரைப் போட்டால், ப்ராசசர் குளிர்ந்திருக்கும்போதே போர்டு திணறும். கேபினெட்டின் பின்பக்க ஃபேன் இல்லாமல் டவர் மாட்டக்கூடாது.

இனி உப்பு. உலோகம் எப்படி அரிக்கிறது என்று சோதிக்கவே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில் ஒரு மையம் வைத்திருக்கிறது என்றால் இங்குள்ள காற்றைப் பற்றி வேறு சொல்ல வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். இரவில் கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கும்போது கூலரின் ஃபின்களில் (மெல்லிய தகடுகளில்) படிந்த உப்பு இப்படித்தான் கசியும். செம்புப் பைப்பும் அலுமினியத் தகடும் தொடும் இடத்தில் இந்த உப்புநீர் நின்றால் அலுமினியம் முதலில் அரிக்கப்பட்டு வெள்ளையாகப் பூக்கும், செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். பைப்புக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள பிடிப்பு தளர்ந்தால் கூலர் வெளியே முழுசாகத் தெரிந்தாலும் சூட்டைக் கடத்தாது. அதனால் பைப்பும் அடிப்பாகமும் நிக்கல் முலாம் பூசியதாக இருக்கட்டும். செம்பு நிறம் அப்படியே பளபளக்கும் ரகம் பார்க்க அழகுதான், கடலோரத்துக்கு வேண்டாம். கறுப்புப் பூச்சு ஃபின்கள் வரை இருந்தால் இன்னும் நல்லது. ஃபேனில் சாதாரண ஸ்லீவ் பேரிங்கைத் தவிர்த்து ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் வாங்குங்கள். ஃபேனைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய 120 மி.மீ. ரகமாகவும் பாருங்கள், ஏனென்றால் முதலில் போவது அதுதான்.

மாட்டும் நாளில் வரிசை முக்கியம். பழைய ப்ராசசர் இருக்கும்போதே பயாஸ் அப்டேட்டை முடியுங்கள், யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். ஏஎம்4-இல் கூலரை நேராக இழுத்தால் காய்ந்த தெர்மல் பேஸ்ட்டுடன் (ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் பசை) ப்ராசசரும் சாக்கெட்டை விட்டு வந்து கால்கள் வளையும். பத்து நிமிடம் ஏதாவது ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, இடமும் வலமும் மெல்லத் திருகிய பிறகே தூக்குங்கள். திருகுகளைக் கழற்றும்போது பின்தகடு விழாமல் ஒரு கை பிடித்திருக்கட்டும். புதுக் கூலரின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் போதும். திருகுகளைக் குறுக்கு மறுக்காக, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள்.

சோதனையைக் காலையில் செய்யாதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு, ஜன்னல் எப்போதும் இருப்பதுபோல் இருக்க, பத்து நிமிடம் சினிபெஞ்ச் (ப்ராசசரை முழுதாக வேலை வாங்கும் சோதனை மென்பொருள்) ஓட்டி, ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் வெப்பநிலையைப் பாருங்கள். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் ஃபின்களைத் தட்டிவிடுங்கள். ஈரத்துணி உப்பைக் கரைத்து இடுக்குக்குள் தள்ளும். புளோயர் அடிப்பதாக இருந்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது தாறுமாறான வேகத்தில் சுழன்று பேரிங் கெட்டுப்போகும்.