ஐஸ் ஹாக்கில நாட்டு டீமுக்கு ஆடுன பெஸ்ட் பிளேயர் லிஸ்ட் நம்மளே போடுறது எப்படி?

எங்க மன்னார்குடி பக்கம் ஹாக்கின்னா மண்தரை ஹாக்கிதான், ஐஸுன்னா நாகப்பட்டினத்துல மீன் பெட்டில கொட்டுறதுதான். ஆனா எனக்கு இந்த ஆட்டம் ரொம்ப புடிச்சுப்போய் ஒரு லிஸ்ட் போட்டேன், மொத தடவ தப்பா போச்சு, ரெண்டாவது தடவ எப்படி சரி பண்ணேன்னு சொல்றேன்.

ஸ்டெப் 1: கிளப் கணக்க தூக்கி ஓரமா வைங்க. ஒலிம்பிக்ஸ், உலக சாம்பியன்ஷிப், பெரிய ஹாக்கி நாடுங்க மோதுன கனடா கப், அப்புறம் 1972ல கனடாவும் சோவியத்தும் மோதுன 8 மேட்ச், இது போதும்.

ஸ்டெப் 2: எக்செல் வேணாம்ங்க, லாங் சைஸ் நோட்டுதான் பெஸ்ட், ஒரு பிளேயருக்கு ஒரு பக்கம். வருஷவாரியா நம்பர் பாக்க எலைட் பிராஸ்பெக்ட்ஸ் சைட்டு போதும்.

ஸ்டெப் 3: இங்கதான் நான் மாட்டுனேன். மெடல மட்டும் எண்ணி போட்டேன், பாத்தா முக்காவாசி சோவியத் ஆளுங்க, கனடாவோட பெரிய ஸ்டார் வெய்ன் கிரெட்ஸ்கி பேரே இல்ல! அவருக்கு ஒலிம்பிக் மெடலே கெடையாது, உலக சாம்பியன்ஷிப்ல 1982ல ஒரு வெண்கலம், அவ்ளோதான். ரெண்டு நாள் மண்டைய கொழப்பிட்டு அப்புறம் எங்கப்பாவோட வயக்கணக்கு நோட்டு ஞாபகம் வந்துச்சு. ஒரு மா நெலத்துக்கு எத்தன மூட்டைன்னு எழுதுறப்பவே பக்கத்துல மேட்டூர் எப்ப தொறந்தாங்கன்னும் எழுதிருவாரு, தண்ணி லேட்டா வந்த வருஷத்த வெச்சு நெல்லு ரகத்த குத்தம் சொல்லக்கூடாதும்பாரு.

அதே மாதிரி ஒவ்வொரு மெடலுக்கு பக்கத்துலயும் அந்த வருஷம் யாரு ஆட வரலன்னு எழுதுங்க. என்எச்எல்னா வட அமெரிக்காவுல சம்பளம் குடுத்து ஆட வெக்கிற பெரிய லீக், அந்த ஆளுங்க ஒலிம்பிக்ஸுக்கு மொத்தமா வந்ததே 1998ல நாகானோலதான், 1988க்கு முன்னாடி சம்பளம் வாங்கி ஆடுறவங்களுக்கு தடை இருந்துச்சு, தடை போனப்புறமும் என்எச்எல் சீசன நிறுத்தி ஆள விடல, ஆனா சோவியத் ஆளுங்க பேருக்கு ராணுவத்துல இருந்துகிட்டு வருஷம் பூரா ஹாக்கிதான் ஆடுனாங்க. இந்த சண்டைல கனடா 1970லேர்ந்து 1976 வரைக்கும் உலக சாம்பியன்ஷிப்புக்கே வரல. இப்பவும் அது நடக்குறப்ப என்எச்எல் பிளேஆஃப் ஓடிட்டு இருக்கும், பாதி பேரு வரமாட்டாங்க. எல்லாரும் வந்தது கனடா கப்புக்குதான், அங்க 1987ல கிரெட்ஸ்கி 9 மேட்ச்ல 21 பாயிண்ட் (அடிச்ச கோலும், கோலுக்கு குடுத்த பாஸும் சேத்து). கடைசி மேட்ச்ல கூட ஆடுன மரியோ லெமியுக்கு அவரு குடுத்த பாஸ்லதான் 6-5ன்னு கப்ப அடிச்சாங்க.

அதுக்காக சோவியத் மெடல கழிச்சுராதீங்க. 1972ல எல்லாரும் கனடா ஊதித்தள்ளிரும்னு நெனச்சப்ப மொத மேட்ச்லயே மாண்ட்ரியால்ல 7-3ன்னு சோவியத் ஜெயிச்சுச்சு, வலேரி கர்லாமோவ் மட்டும் 2 கோலு.

ஸ்டெப் 4: தோத்த மேட்ச்சயும் பாருங்க. 1980ல அமெரிக்காகிட்ட சோவியத் 4-3ன்னு தோத்துச்சுல்ல, சோவியத் கோலி (கோல்கீப்பர்தான்) விளாதிஸ்லாவ் திரெத்யாக்க, மூணு பீரியட்ல மொத பீரியட் முடிஞ்சதுமே மாத்திட்டாங்க, அப்ப ஸ்கோர் 2-2. அந்த தோல்விய அவரு கணக்குல எழுதாதீங்க.

ஸ்டெப் 5: கோலி 1, டிஃபென்ஸ் 2, ஃபார்வர்டு 3. எழுதி முடிச்சப்புறம்தான் 2008ல சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம் நூற்றாண்டுக்கு போட்ட டீம பாக்கணும், முன்னாடியே பாத்தா கை அதயேதான் எழுதும். அந்த டீமு: திரெத்யாக், ஃபெதிசோவ், சால்மிங், கர்லாமோவ், மகாரோவ், கிரெட்ஸ்கி. என் நோட்டுல மகாரோவ் எடத்துல லெமியு, மத்ததெல்லாம் அதேதான். கோலிக்கு மட்டும் ரொம்ப நேரம் யோசிச்சேன், நாகானோல செக் நாட்டு கோலி டொமினிக் ஹாஷெக் பெனால்டில கனடாவோட 5 பேரயும் தடுத்துட்டு பைனல்ல ரஷ்யாவுக்கு ஒரு கோலும் விடல, ஆனா திரெத்யாக்குக்கு 3 ஒலிம்பிக் தங்கமாச்சே.

அப்டேட்: செக்கோஸ்லோவாக்கியாவையும் அது பிரிஞ்சப்புறம் வந்த செக் நாட்டையும் ஒண்ணா சேக்கலாமான்னு கேட்டிருந்தாங்க. நாட்டுக்கு இல்ல, ஆளுக்குதான் பக்கம், அதனால யாகர்ங்கிற பிளேயர் ரெண்டுக்கும் ஆடுனதையும் ஒரே பக்கத்துல எழுதுங்க.

இன்னொரு அப்டேட்: பொண்ணுங்க எங்கண்ணேன்னு ஒரு தங்கச்சி கேட்டிருக்கு, நியாயமான கேள்வி. தனி நோட்டு போட்டாச்சு, மொத பக்கம் கனடாவோட ஹெய்லி விக்கன்ஹைசர், 2002லேர்ந்து 2014 வரைக்கும் வரிசையா 4 ஒலிம்பிக் தங்கம்.