ப்ரோமோவில் மருந்து சொல்லாதீர்கள்: வேலூர்ப் பக்கம் சமுதாய வானொலிக்கு வருகிற புதியவர்களுக்கு

புதிதாக வருகிற பிள்ளைகளின் பதிவுகளைக் கேட்டுத் திருத்துவதுதான் இப்போது என் வேலையில் பாதி. காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு என்று வெயிலில் அலைந்து ஆசையாகப் பதிவு செய்துகொண்டு வருகிறார்கள். போட்டுக் கேட்டால், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தப்பு, அதே இடத்தில்.

மைக்கை எவ்வளவு பக்கத்தில் பிடிப்பது, செல்போனை அணைப்பது, பேட்டரி பார்த்துக்கொண்டு கிளம்புவது எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை சூடு பட்டால் தானே வந்துவிடும். தானே வராதவை சில உண்டு, அவற்றை மட்டும் சொல்கிறேன்.

டீ குடிக்கும்போதே கதையைக் கேட்டுவிடுவது

ஊருக்குள் போனதும் திண்ணையில் உட்கார வைத்து டீ கொடுப்பார்கள். நீங்களும் சும்மா பேச்சுக் கொடுப்பீர்கள். ஏரி உடைந்த கதை, மாடு விடும் விழாவில் அவர் காளை ஓடிய கதை எல்லாம் அங்கேயே கொட்டிவிடும். பிறகு ரெக்கார்டரை எடுத்து “ஐயா, இப்ப சொன்னீங்களே, அதைத் திரும்பச் சொல்லுங்க” என்பீர்கள். “அதான் சொன்னேனேபா” என்று நாலு வரியில் முடித்துவிடுவார். இரண்டாம் தடவை சொல்கிற கதையில் உயிர் இருக்காது.

டீ நேரத்தில் பஸ், மழை, பேரப்பிள்ளை பற்றிப் பேசுங்கள். அவராக விஷயத்துக்கு வந்தால், “அதை மட்டும் கொஞ்சம் வச்சிருங்க ஐயா, மைக் போட்டுடறேன்” என்று சொல்லலாம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

உம் கொட்டுவது

தலையாட்டுங்கள், போதும்.

ப்ரோமோவில் மருந்தைச் சொல்வது

இதை எழுத உட்கார்ந்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

பயிற்சி கொடுக்கப் போயிருந்த ஒரு நிலையத்தில் நடந்தது, பெயர் வேண்டாம். கரும்பு விவசாயி ஒருவரை வைத்து அரை மணி நேர நிகழ்ச்சி. நன்றாகவே வந்திருந்தது. களைக்கொல்லிப் பேச்சு வந்தபோது அவர் சொன்னது இது:

“டூ ஃபோர் டி அடிச்சேன்னு வையி, சாரணை, பார்த்தீனியம் எல்லாம் ரெண்டு மூணு நாள்ல அப்டியே முறுக்கிக்கினு சாஞ்சிடும்பா. ஆனா ஒண்ணு, அது கரும்புக்கும் சோளத்துக்கும்தான். கத்திரிக் கொல்லை பக்கம் அந்த டேங்கைக்கூட எடுத்துக்கினு போவக் கூடாது. நான் அதுக்குன்னே தனியா ஒரு டேங்க் வச்சிக்கினு கீறேன்.”

நிகழ்ச்சியில் இது முழுசாக இருந்தது. ப்ரோமோவில் “சாஞ்சிடும்பா” என்ற இடத்தில் வெட்டி, மேளச் சத்தத்தை ஏற்றிவிட்டார்கள். வெட்டிய பையனைக் கேட்டதற்கு “அங்கதான் சார் பன்ச் இருக்கு” என்றான். பன்ச் இருந்தது வாஸ்தவம்தான். நிகழ்ச்சி போனது ஒரு தடவை, மறு ஒலிபரப்பு ஒரு தடவை. ப்ரோமோ ஒரு வாரம் முழுக்க மணிக்கு ஒரு தடவை போனது.

நம் முள்ளுக் கத்தரி 2023இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதை அரை ஏக்கரில் போட்டிருந்த ஒருவர் அந்த ப்ரோமோவைக் கேட்டிருக்கிறார். அவர் மருந்தைக் கத்தரியில் அடிக்கவில்லை. அவ்வளவு விவரம் தெரியாதவர் இல்லை. வரப்பில் மண்டியிருந்த பார்த்தீனியத்துக்குத்தான் அடித்தார். அது செத்தது. நாலு நாள் கழித்து அதே டேங்கைத் தண்ணீர் விட்டு ஒரு அலசு அலசி, கத்தரிக்குக் காய்த்துளைப்பான் மருந்து கலந்து அடித்துவிட்டார். 2,4-டி எச்சம் ஒரு அலசில் போகிற சரக்கு இல்லை. புல் இனத்தை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளைத் தாக்குவதுதான் அதன் வேலை. கத்தரி, தக்காளி, பருத்திக்கெல்லாம் மிச்சம் மீதி பட்டாலே போதும்.

வேரோடு பிடுங்கிய ஒரு செடியோடு நிலையத்துக்கு வந்தார். இலைக்காம்புகள் கீழே வளைந்து திருகிக் கிடந்தன. குருத்திலையைப் பார்த்தால் கத்தரி என்றே சொல்ல முடியாது. நாடா போல ஒடுங்கி, நரம்பெல்லாம் நெருங்கி நின்றது. செடியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. “உங்க ரேடியோவுலதானே சொன்னீங்கோ?” என்று மட்டும் கேட்டார்.

அவருக்குக் கிடைத்த பதில்: “முழு நிகழ்ச்சியையும் கேட்டிருக்கணும் ஐயா. அதுல தெளிவாச் சொல்லியிருக்கோம்.”

வெட்டிய பையனையாவது மன்னித்துவிடலாம், இந்தப் பதிலை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று பம்பு செட்டுக்குக் காவல் இருக்கிறவர், நம் நிகழ்ச்சி நேரத்துக்குக் காத்திருந்து கேட்பார் என்று எந்தக் கணக்கில் எதிர்பார்க்கிறோம்? டீக்கடையிலும் ஷேர் ஆட்டோவிலும் காதில் விழுந்ததுதான் அவருக்கு நிகழ்ச்சி. பத்திரிகையில் வந்ததை மடித்து வைத்துக்கொண்டு மறுபடி படிக்கலாம். வானொலியில் போனது போனதுதான். அதே சமயம் அதற்கு இருக்கிற நம்பிக்கையும் லேசுப்பட்டதில்லை. 1960களில் ஏ.டி.டி 27 என்ற நெல் ரகத்தை வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டு விதைத்த தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிகள், அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்படி நம்புகிற காதில் பாதி வாக்கியத்தைப் போடுகிறோம்.

எனவே, என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு விதி இதுதான். ப்ரோமோவில் பிரச்சினை மட்டும் போகலாம். மருந்துப் பெயர், உரப் பெயர், அளவு எதுவும் போகக் கூடாது. “கரும்புல களை தாங்கலையா? சாயங்காலம் ஆறரைக்குக் கேளுங்க” என்றால் போதாதா?

பேட்டி எடுக்கும்போதே “இது யாருக்கு ஒத்து வராது?” என்று கேட்டுவிடுங்கள். விவசாயிகள் இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்வார்கள், அவர்கள் பட்டது அது. பிறகு அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை, நிபந்தனையை முன்னால் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். “கரும்புக்கு மட்டும்தான் சொல்றேன்” என்று வாக்கியம் ஆரம்பித்துவிட்டால், எடிட்டில் எந்தக் கெட்டிக்காரனாலும் அதைக் கழற்ற முடியாது. கடைசியில் தொங்குகிற “ஆனா ஒண்ணு” தான் கத்தரிக்கோலுக்கு முதலில் போகும்.

அளவிலும் இதே சங்கதி. “டேங்குக்கு ஒரு மூடி” என்பார்கள். 10 லிட்டர் டேங்கும் இருக்கிறது, 16 லிட்டர் டேங்கும் இருக்கிறது. மூடி கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி என்று அங்கேயே கேட்டு வாங்குங்கள். மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) ஜிப்சம் ஏக்கருக்கு 160 கிலோ என்பதை எல்லாரும் ஒலிபரப்பிவிடுவார்கள். இறவையில் 40, 45ஆம் நாள் மண் அணைக்கும்போது போட வேண்டும், மானாவாரிக் கொல்லையில் ஈரம் பார்த்துத்தான் போட வேண்டும் என்பது நேரமில்லை என்று வெட்டுப்படும். நாளைச் சொல்லாமல் கிலோவை மட்டும் சொன்னால், விதைக்கிற அன்றைக்கே மூட்டையை அவிழ்க்கிறவர் உண்டு. பேசுகிறவரின் நிலம் கழனியா (நஞ்சை) கொல்லையா (புஞ்சை) என்பது நிகழ்ச்சியின் முதல் நிமிஷத்திலேயே கேட்கிறவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

சந்தேகம் என்றால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு போன் போடுங்கள். கேட்டுவிட்டு ஒலிபரப்பலாம், ஒலிபரப்பிவிட்டுக் கேட்க முடியாது.

பெயரை மாற்றினால் ஆள் தெரியாது என்று நினைப்பது

நம் ஒலிபரப்பின் சக்தி வழக்கமாக 100 வாட், கோபுரம் 30 மீட்டருக்குள். சுற்றுவட்டாரத்தில் 10, 15 கிலோமீட்டர் எடுக்கும். குறுக்கே மலை நின்றால் அதுவும் இல்லை. அந்த வட்டத்துக்குள் இருப்பவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சந்தையிலும் ரேஷன் கடையிலும் கல்யாணத்திலும் பார்த்துக்கொள்கிறவர்கள். மகளிர் குழுக் கடன் கட்ட முடியாமல் நகை அடகு வைத்ததைப் பற்றி ஒரு அம்மா பேசினால், அவருக்கு ‘லட்சுமி’ என்று பெயர் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்கள். முதல் வாக்கியத்திலேயே குரலை வைத்து ஊர் கண்டுபிடித்துவிடும். மறுநாள் அவர்தான் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார்.

இந்த மாதிரி விஷயத்தை வேறொருவர் குரலில் படித்துப் போடுங்கள். ஊர், தெரு, பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். முடிந்தால் ஒலிபரப்புவதற்கு முன் அவரையே கேட்கச் சொல்லுங்கள்.

குழுத் தலைவியே எல்லாருக்கும் பேசுவது

அவர் பேசி முடிக்கட்டும், மரியாதை. பிறகு நூறு நாள் வேலைக்குப் போகிற இடத்தில் மற்றவர்களைப் பாருங்கள். வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரர் பதில் சொல்வார்.

கூத்துக்காரரைச் சித்திரையில் காலை பதினோரு மணிக்குக் கூப்பிடுவது

திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கிற காலம் அது. ராத்திரி பத்து மணிக்குக் கூத்தைத் தொடங்கி வைக்கிற கட்டியங்காரன் வந்தால், விடிய விடியக் கூத்து. பகலில் அவர்கள் தூங்குவார்கள், தூங்கத்தான் வேண்டும். அவரை எழுப்பி, ஸ்டுடியோவில் நாற்காலி போட்டு, “ஒரு பாட்டு பாடுங்க” என்கிறீர்கள். கூத்துப் பாட்டு நின்றுகொண்டு, முகவீணைக் குழலுக்கும் மிருதங்கத்துக்கும் மேலே எழும்பிப் பாடுகிறது. தொண்டை கட்டிய நிலையில் உட்கார்ந்து பாடியதை ஒலிபரப்பினால், அவர் பாடியதைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள்?

அதைவிட மோசம் உங்கள் முதல் வரி. “அழிந்துவரும் கலையான தெருக்கூத்தில்...” என்று ஆரம்பிக்கிறீர்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் டைரியில் ஆனி முடிகிறவரை ஒரு நாள் காலி இல்லை. ஒருவர் சிரித்துக்கொண்டே “எங்க அழியுது தம்பி? எனக்குத் தூக்கம்தான் அழியுது” என்றார். அதையும் வெட்டிவிட்டார்கள்!

கூத்து நடக்கிற இடத்துக்கே போங்கள். கூத்து வாத்தியாரிடமும் கோயில்காரர்களிடமும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் எடுக்கும்போது குரல் திடீரென்று ஏறும், ரெக்கார்டரின் அளவை முன்பே நன்றாகக் குறைத்து வையுங்கள். துரியோதனன் வீழ்கிற படுகளத்தன்று பகலில் அவன் மண்ணுருவத்தைச் சுற்றி எழுகிற கூச்சலை ஐந்து நிமிஷம் பதிவு செய்தாலே போதும், உங்கள் வர்ணனையே தேவையில்லை. பேட்டியை ஆடிக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் பேசாத பேச்சு வழக்கை மைக் முன்னால் பேசுவது

வேண்டாம்.

சொந்தமாகச் செய்தி வாசிக்கிற ஆசை

சமுதாய வானொலிக்கு அந்த அனுமதி இல்லை; ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம். மின்தடை, குடிநீர், வானிலை, திருவிழா, தேர்வு முடிவு அறிவிப்புகள் செய்திக் கணக்கில் வராது. பயந்துகொண்டு அதையும் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மின்விசிறி

வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுகிற நாளில் பெரியவர் ஒருவர் வீட்டில் ஃபேனை நிறுத்தச் சொல்வது பாவம். ஓடட்டும். கிளம்புவதற்கு முன், யாரும் பேசாமல் அந்த அறையின் சத்தத்தை மட்டும் அரை நிமிஷம் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டுகிற இடங்களில் அடியில் போட்டால் ஒட்டு தெரியாது.

“புது ஃபோல்டர் 7”

ஒலிபரப்பிய நிகழ்ச்சியை 3 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதை வைத்திருப்பீர்கள், வெட்டாத மூலப் பதிவை அழித்துவிடுவீர்கள். அந்தக் கத்தரிக்காரர் வந்த அன்று, கரும்பு விவசாயி முழுசாக என்ன சொன்னார் என்று காட்ட நிகழ்ச்சியாவது இருந்தது. நிகழ்ச்சியிலேயே வெட்டியிருந்தால், மருந்து சொன்ன பழி அந்த மனிதர் தலையில் விழுந்திருக்கும். கோப்பின் பெயரில் ஊர், பயிர், தேதி மூன்றையும் போட்டு, மூலத்தைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.