சாஃப்ட்பால் ஆடும் மகளும் கல்லூரி இடமும்: பெற்றோர் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் ஹைஸ்கூலில் பேஸ்பால் போன்ற சாஃப்ட்பால் ஆடும் பெண்ணுக்குக் கல்லூரி அணியில் இடம் கிடைக்காமல் போவதற்கு ஆட்டம் மட்டுமே காரணமில்லை. பல நேரம் அவளுக்காக வீட்டில் எல்லாவற்றையும் அப்பா அம்மாவே செய்துவிடுவதும் ஒரு காரணம். பிள்ளையின் படிப்பைக் கூடவே உட்கார்ந்து பார்த்துக்கொண்ட பழக்கம் இங்கும் தொற்றிக்கொள்கிறது.

கோச்சுக்குப் போகும் மெயிலை அப்பா எழுதுவதில் தொடங்குகிறது அது. பெண்ணின் பெயரில் போனாலும், வாக்கியங்களுக்கு நாற்பத்தைந்து வயது என்று கோச்சுக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். அவளே எழுதட்டும், சின்னதாக எழுதட்டும். தலைப்பு வரியில் பெயர், பள்ளி முடிக்கும் ஆண்டு, மைதானத்தில் ஆடும் இடம் கேட்சரா ஷார்ட்ஸ்டாப்பா, எந்தக் கை, ஜிபிஏ (4க்கு எத்தனை என்ற மதிப்பெண் சராசரி). உள்ளே, அந்தக் கல்லூரி ஏன் என்று ஒரு வரி, வீடியோ இணைப்பு. அப்புறம் அடுத்த டோர்னமென்டில் எந்த நாள், எத்தனை மணி, எந்த மைதான எண், ஜெர்சி எண். இந்த டோர்னமென்ட் விவரங்களைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே வளாகத்தில் பல மைதானங்களில் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும்போது, எங்கே போய் நிற்பது என்று தெரியாத கோச் எப்படி வருவார்?

ஒன்பதாம் வகுப்பில் பதில் வரவில்லை என்று சோர்ந்துபோவதும் வேண்டாம். 2018இல் வந்த விதிப்படி, கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் 1இன் கோச்சுகள் பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1 வரை மாணவியோடு சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது. அதற்கு முன் வருகிற பயிற்சி முகாம் அழைப்பைப் பார்த்துவிட்டு 'கூப்பிட்டுவிட்டார்கள்' என்று உறவினருக்கெல்லாம் சொல்லிவிடாதீர்கள். அப்படிப்பட்ட அழைப்புகள் மொத்தமாகப் பலருக்கும் போகும், கட்டணமும் நீங்கள்தான் கட்டவேண்டும்.

வீடியோவில் ஹோம் ரன்களை மட்டும் ஒட்டிவைப்பது இன்னொன்று. பந்து வேலிக்கு வெளியே போனதை விட, தரையில் உருண்டு வரும் பந்துக்கு அவள் கால் எப்படி நகர்கிறது, எடுத்து எறிய எவ்வளவு நேரமாகிறது என்பதே கோச்சுக்கு அதிகம் சொல்லும். சாஃப்ட்பாலில் ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 60 அடிதான், பேஸ்பாலில் 90. தூரம் குறைவு என்பதால் அரை நொடித் தடுமாற்றம்கூட ஓடுபவளைக் காப்பாற்றிவிடும்.

மைதானத்தில் கோச் இன்னொன்றையும் கவனிப்பார். பந்தை அடிக்க முடியாமல் ஸ்ட்ரைக் அவுட் ஆகித் திரும்புகிற பெண் ஹெல்மெட்டைத் தூக்கி எறிகிறாளா, அடுத்து பேட் பிடிக்கப் போகிறவளிடம் பந்து வீசும் பிட்சர் என்ன போடுகிறாள் என்று சொல்லிவிட்டு உட்காருகிறாளா? அந்த நேரத்தில் அணி உட்காரும் டக்அவுட்டின் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று "முட்டியை மடக்குன்னு சொன்னேன்ல" என்கிற அப்பாவும் அவர் கண்ணில் படாமலா போவார்?

பிட்சர் என்றால் உடம்பையும் பார்க்கவேண்டும். கையைச் சுழற்றி அண்டர்ஹேண்டில் போடுவதால் தோளுக்கு ஒன்றும் ஆகாது என்பது வெறும் நம்பிக்கை. தோளின் முன்பக்க வலி இவர்களுக்குச் சகஜம். ஒரு வார இறுதி டோர்னமென்டில் ஒரே பெண்ணை ஆட்டத்துக்கு ஆட்டம் இறக்குவதும் நடக்கிறது. பள்ளி சீசன், கோடையில் கிளப் அணியோடு ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் பால், இலையுதிர் காலம், குளிர்கால உள்ளரங்கப் பயிற்சி என்று வருஷம் முழுக்க எறியவிடாமல், சில வாரங்களாவது பந்தைத் தொடாமல் இருக்கவிடுங்கள். வளரும் வயதில் சாப்பாட்டைக் குறைத்து 'ஃபிட்' ஆக நினைப்பதும் மாதவிடாய் நின்றுபோவதும் மருத்துவரிடம் போகவேண்டிய விஷயங்கள்.

மதிப்பெண் கணக்கு சுலபம். டிவிஷன் 1க்கு 16 அடிப்படைப் பாடங்கள், அவற்றில் குறைந்தது 2.3 ஜிபிஏ. பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் 10 பாடங்கள் முடிந்திருக்கவேண்டும், அதில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலில். கடைசி வருஷத்தில் சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டால் சிக்கல்.

டிவிஷன் 1 தவிர மற்றதெல்லாம் மட்டம் என்ற எண்ணம்தான் எனக்குப் புரியாதது. அங்கேயும் முழு ஸ்காலர்ஷிப் எல்லோருக்கும் கிடைத்ததில்லை. பல ஆண்டுகள் 12 ஸ்காலர்ஷிப்பைத்தான் ஒரு முழு அணிக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். 2025-26 முதல், விளையாட்டு வருவாயில் வீரர்களுக்கும் பங்கு தரும் ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணிக்கு 25 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. டிவிஷன் 3இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, ஆனால் குடும்ப வருமானத்தையும் படிப்பையும் பார்த்துத் தரும் உதவி உண்டு. எம்ஐடி அந்தப் பிரிவில்தான் ஆடுகிறது. 2013 முதல் 2015 வரை மூன்று ஆண்டும் அந்தப் பிரிவின் சாம்பியன் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம். ஹார்வர்டு, யேல் போன்றவை சேர்ந்த ஐவி லீக் டிவிஷன் 1தான், அங்கும் விளையாட்டுக்கென்று பணம் இல்லை.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தருவது) மகள் இருக்கும் குடும்பங்கள் கூடுதலாக ஒன்றைப் பார்க்கவேண்டும். அந்தப் பெண்ணுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது. கல்லூரி தன் சொந்தப் பணத்தில் தரும் ஸ்காலர்ஷிப் வேறு கணக்கு. 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், அதாவது படிப்பின் நடுவிலேயே மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறவேண்டி வரலாம். வீராங்கனைகள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கும் ஒப்பந்தங்கள் இப்போது சகஜம். பிட்சர் நிஜாரி கனாடி 2024இல் டெக்சாஸ் டெக் கல்லூரிக்கு மாறியபோது அவருடைய ஒப்பந்தத் தொகை பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. சக ஆட்டக்காரி கையெழுத்துப் போடுகிறாள் என்று உங்கள் மகளும் போட்டால் அது வேலை செய்வதாகக் கருதப்பட்டு விசாவுக்கே ஆபத்தாகலாம். கோச் "பார்த்துக்கலாம்" என்று சொன்னாலும், முதலில் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.